டேப்லெட்டுக்குப் பேரீச்சம்பழம்!

எங்கள் வீட்டில் தினமும் காலையில் அப்பாவின் குரல் கேட்கும். "டேய், டேப்லெட் எங்கடா?"

இதற்கு இரண்டு அர்த்தம். டிபனுக்கு முன்னால் கேட்டால் பிரஷர் மாத்திரை. டிபனுக்குப் பின்னால் கேட்டால், 2019 தீபாவளிக்கு நான் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பத்து அங்குல ஆண்ட்ராய்டு.

முதலாவதை மாற்றலாமா என்று கேட்க ஒரு டாக்டர் இருக்கிறார். நாடி பார்த்து, "இதையே கன்டினியூ பண்ணுங்க" என்று அனுப்பிவிடுவார். இரண்டாவதை மாற்றலாமா என்று கேட்க யார் இருக்கிறார்கள்? கடைக்காரர்தான். அங்கே டாக்டரும் மெடிக்கல் ஷாப்காரரும் ஒரே ஆள். மருந்து எழுதாமல் அனுப்புவாரா?

மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு இரண்டு காரணம்.

பகலில் நான் லாரி ஆபீஸ்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். பகல் எழுத்துக்குச் சம்பளம், ராத்திரி எழுத்துக்குச் சன்மானம். சம்பளம் வரும், சன்மானம் வரலாம். இரண்டுக்கும் ஆயுதம் ஒன்றுதான். அந்த டேப்லெட்டும், அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன கீபோர்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய் ராத்திரி. புதன் காலை ஆறு மணிக்குக் கட்டுரை போயாக வேண்டும். பேட்டரி 23 சதவீதம் என்று காட்டியது. நம்பினேன். கடைசிப் பாராவில் கதாநாயகன் மாதிரி ஒரு வரி யோசித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது. சார்ஜில் போட்டேன். அது கண் திறக்க முக்கால் மணி நேரம். திறந்தபோது கடைசி நான்கு பாரா இல்லை. மறுபடி எழுதி அனுப்பியபோது எட்டே கால். அந்த வாரம் என் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய 'வெண்டைக்காயின் மகிமைகள்' வந்தது. நல்ல கட்டுரைதான். அதுதான் வருத்தம்.

இரண்டாவது காரணம், பேங்க் ஆப். ஒருநாள் திறந்தால், 'உங்கள் கருவியில் இந்தச் செயலி இனி இயங்காது' என்றது. வாசலில் நிற்க வைத்து, 'வீட்டில் யாரும் இல்லை' என்று வீட்டுக்காரரே சொல்கிற மாதிரி.

போதும். கையில் வருஷக் கணக்கு முடித்துக் கொடுத்த வகையில் கொஞ்சம் பணம் இருந்தது. ஐந்து ரோடு பக்கம் வண்டியை விட்டேன்.

* * *

கடையில் ஏ.சி. ஜில்லென்று இருந்தது. விற்பனைப் பையன் என்னை 'அண்ணா' என்றான். பையில் காசு இருப்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"பழசு எந்த வருஷம்ணா?"

"2019."

அவன் முகத்தில் ஒரு துக்கம் படர்ந்தது. யாரோ தவறிப்போனதைக் கேட்டதுபோல. "ஆறு வருஷமாண்ணா வெச்சிருக்கீங்க?"

புதியதின் விலை 34,999. கீபோர்டு கவர் தனியாக ஐயாயிரம். பழையதைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்சில் 1,800 குறைப்பானாம்.

எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு சைக்கிளில் ஒருவர் வருவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்! அம்மாவின் ஓட்டை அண்டாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு கை பேரீச்சம்பழம் வாங்கித் தின்றேன். ராத்திரி அடியும் வாங்கினேன். அண்டா ஓட்டைதான். ஆனால் அம்மா அதில் அரிசி போட்டு வைத்திருந்தாள். ஓட்டை அண்டாவுக்குத் தண்ணீர் வேலை முடிந்திருந்தது, அரிசி வேலை முடியவில்லை. இது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்குண்ணா. வட்டியே கிடையாது. மாசம் 2,917. ஒரு வருஷம். தெரியவே தெரியாது."

தெரியவே தெரியாது என்பது உண்மை. அதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கமே. ஆனால் பாவம், அவன் ஒரு பி.காம். ஆளிடம் மாட்டிக்கொண்டான்.

"மொத்தமா காசு கொடுத்தா என்ன விலை?"

கொஞ்சம் தயங்கி, "மூவாயிரம் குறைச்சுத் தர்றேண்ணா" என்றான்.

பார்த்தீர்களா? ரொக்க விலை 31,999. தவணை விலை 34,999. அந்த மூவாயிரத்துக்குப் பெயர்தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 17 சதவீதம். கிரெடிட் கார்டில் போட்டால் அந்த வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. மூவாயிரத்துக்கு 540 ரூபாய். பூஜ்ய வட்டி என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக் கண்டித்தது. அதற்குப் பிறகு பூஜ்யம் என்ற பெயர் போய், 'நோ காஸ்ட்' என்ற பெயர் வந்தது. ஆள் அதே ஆள்தான். மீசையை எடுத்துவிட்டான்.

"சாயங்காலம் வர்றேன் தம்பி" என்றேன். சேலத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும்.

* * *

வெளியே வந்து தட்டுவடை செட் ஒன்று வாங்கிக்கொண்டு யோசித்தேன். வாங்கவில்லை என்பது முடிவல்ல. அது ஒத்திவைப்பு. சரியான கேள்வி என்ன என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

காலேஜில் தேய்மானம் படித்திருக்கிறேன். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ரொம்ப நாள் 60 சதவீதம் தேய்மானம் இருந்தது. 2017-18 நிதியாண்டிலிருந்து 40 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 20,000 ரூபாய்ப் பொருள் முதல் வருஷ முடிவில் 12,000. அப்புறம் 7,200. அப்புறம் 4,320. அப்புறம் 2,592. ஐந்தாவது வருஷ முடிவில் 1,555. கடைக்காரன் என் டேப்லெட்டுக்குச் சொன்ன 1,800 அநியாயமில்லை, சட்டப்படி பார்த்தால் தாராளம்!

ஆனால் இந்தக் கணக்கு பொருளின் விலையைச் சொல்கிறதே தவிர, அதனால் ஆகும் வேலையைச் சொல்வதில்லை. அம்மாவின் அண்டாவுக்குப் புத்தக மதிப்பு ஒரு கை பேரீச்சம்பழம். அரிசிக்கு அதுதான் வீடு.

வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. 2024-ல் தமிழ்நாடு அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுத்ததில் அவளிடமும் ஒன்று உண்டு. அதை நான் தொடக்கூடாது. "ஏனுங்க, இது கெவர்மென்ட் சொத்து. ஆடிட் வரும்" என்பாள். பிள்ளைகளின் வருகையும் மதிப்பீடும்தான் அதில் ஓடும். சினிமா ஓடாது. அதனாலேயே நேற்று வாங்கியதுபோல் பளபளவென்று இருக்கிறது.

"எதுக்குப் புதுசு?" என்றாள்.

"வேகமா இருக்கும்."

"நீங்க வேகமா எழுதுவீங்களா?"

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் கிளம்பினேன்.

* * *

1997 ஜனவரி 1-ல் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சம்பந்தங்கள் மட்டும் பிரியவில்லை. என் சின்ன மாமனார் அங்கே ஏழு லாரி வைத்திருக்கிறார். நாமக்கல்லில் லாரிக்குக் கட்டும் பாடிக்கு இந்தியா முழுக்கப் பெயர். அதே மாதிரி மாமாவின் வாய்க்கும் நாமக்கல் முழுக்கப் பெயர்.

டயர் ரீட்ரேடிங் பட்டறையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் வேகும் வாசனை. விஷயத்தைச் சொன்னேன்.

"மாப்ள, லாரியில டயர் தேஞ்சு போச்சுன்னா புது லாரி வாங்குவீங்களா?"

"மாட்டேனுங்க மாமா."

"டயர்?"

"புது டயர் வாங்குவேன்."

"அங்கதான் நீங்க படிச்ச ஆளு!" என்று சிரித்தார். பிறகு எழுந்து என்னை ஒரு தேய்ந்த டயரிடம் கூட்டிப்போனார்.

டயரில் இரண்டு சமாச்சாரம். மேலே ரோட்டைத் தொடுகிற ரப்பர். அது தேயத்தான் செய்யும், தேய்வதற்கே பிறந்தது. உள்ளே கேசிங், அதாவது டயரின் உடம்பு. பட்டறையில் முதலில் கேசிங்கைத்தான் பார்க்கிறார்கள். கையால் தடவி, விளக்கு வைத்து, தட்டிப் பார்த்து, உள்ளே வெடிப்பு, வீக்கம், கம்பி தெரிகிறதா என்று. கேசிங் நன்றாக இருந்தால் பழைய ரப்பரைச் சுரண்டிவிட்டுப் புது ரப்பர் ஒட்டி வேகவைக்கிறார்கள். புது டயர் விலையில் ஒரு பங்குதான் செலவு. கேசிங் போய்விட்டதா? எவ்வளவு ராசியான டயராக இருந்தாலும் ஓரங்கட்டிவிட வேண்டியதுதான்.

"கேசிங் போன டயர்ல ரப்பர் ஒட்டுறதும், ரப்பர் மட்டும் தேஞ்ச டயரைத் தூக்கிப் போடறதும் ஒண்ணுதானுங்க மாப்ள. ரெண்டுமே காசுக்குப் புடிச்ச கேடு."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ரீட்ரேட் டயரை நாங்க முன்னாடி போடமாட்டோமுங்க. முன் ஆக்சில்ல எப்பவும் புது டயர்தான். ஸ்டியரிங் அங்கதான இருக்குது? அங்க வெடிச்சா உசுரு. பின்னாடி ஒண்ணு வெடிச்சா, ஸ்டெப்னி மாத்திட்டு டீ குடிச்சுட்டுப் போயிருலாம்."

திரும்பி வரும்போது, ராசிபுரம் தாண்டுகிற வரை நான் ஜன்னல் வழியே எதையும் பார்க்கவில்லை. மாமா டயரைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் என் டேப்லெட்டைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

* * *

டேப்லெட்டில் ரப்பர் எது? பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991-ல். அதைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது 2019-ல். நான் டேப்லெட் வாங்கிய அதே வருஷம்! என் பேட்டரிக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது. சார்ஜ் ஏறி இறங்க இறங்க, அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். அது பழுது அல்ல, வயசு. ராத்திரி முழுக்க நூறு சதவீதத்தில் நிறுத்தி வைப்பதும், சேலத்துச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் போட்டு வைப்பதும் அதைச் சீக்கிரம் கிழடாக்கும். நான் இரண்டையும் ஆறு வருஷம் தவறாமல் செய்திருக்கிறேன்.

பேட்டரி தேய்ந்ததைக் கருவியே தேய்ந்ததாக உலகமே ஒருமுறை தப்பாக நினைத்தது. 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் மூலம் வேகத்தைக் குறைத்ததாக. போன் கிழடாகிவிட்டது என்று எத்தனையோ பேர் புதுசு வாங்கியிருந்தார்கள். பேட்டரியை மாற்றினால் போன வேகம் திரும்பியது. கோபம் கிளம்பியதும், பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். எல்லாக் கருவியிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. சந்தேகப்படுவதென்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள் என்கிறேன்.

சரி, கேசிங் எது? பாதுகாப்பு அப்டேட். திருடர்கள் புதுப் புது ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள். கம்பெனி மாதாமாதமோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ அந்த ஓட்டைகளை அடைத்து அனுப்புகிறது. அது நின்றுவிட்டால் கருவி ஓடும், பாட்டுப் பாடும், படம் காட்டும். ஆனால் கொல்லைக் கதவு திறந்தே இருக்கும்.

இந்தக் கேசிங்கின் ஆயுள் ஆரம்பத்தில் ரொம்பக் குறைவு. முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 11 மாதத்தில் ஐபேட் 2 வந்துவிட்டது. 2012 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 6 முதல் ஐபேடுக்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டரை வருஷத்தில் பாட்டன் ஆகிவிட்டது!

நம்ம ஊர்க் கதையும் உண்டு. 2011 அக்டோபர் 5-ல் மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகப்படுத்தினார். ஏழு அங்குலம், 256 எம்.பி. ராம், நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும் திரை. நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆசை வாட்டியது, காசு வாட்டவிடவில்லை. அடுத்த வருஷம் நவம்பரிலேயே ஆகாஷ் 2 வந்தது. ராம் இரண்டு மடங்கு, மெல்லத் தொட்டாலே கேட்கும் திரை. ஒரு வருஷத்தில் அவ்வளவு வித்தியாசம். அந்தக் காலத்தில் 'புதுசுக்கு மாறலாமா' என்ற கேள்விக்கு 'மாறு' என்பதே பதில்.

இப்போது அப்படி இல்லை. போன வருஷ டேப்லெட்டுக்கும் இந்த வருஷத்ததுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க விளம்பரத்தைத்தான் படிக்க வேண்டும். மாறாக, கேசிங் கெட்டிப்பட்டிருக்கிறது. 2024-ல் வந்த சாம்சங் டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொன்னார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. அங்கே விற்கும் போன், டேப்லெட்டுகளின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட், ஏழு வருஷம் முக்கியமான உதிரிபாகம். 1924-ல் இதே ஐரோப்பாவில் பல்பு கம்பெனிகள் கூடி, 'எந்த பல்பும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது' என்று ஒப்பந்தம் போட்டு, மீறியவனுக்கு அபராதமும் போட்டன. நூறு வருஷத்தில் சக்கரம் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது.

* * *

வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டில் செட்டிங்ஸ் போய்ப் பார்த்தேன். கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்தது 2022-ல். கேசிங்கில் கம்பி தெரிகிறது.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பேங்க் ஆப் ஓடாது என்று ஆனபிறகும் அப்பா பேங்க் வேலையை நிறுத்தவில்லை. பிரவுசர் வழியாகப் போயிருக்கிறார். பாஸ்வேர்டை ஒவ்வொரு தடவையும் அடிக்கக் கை நடுங்குகிறது என்று அதிலேயே சேமித்தும் வைத்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் 35 வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்து அவர் சேர்த்த பணம் முழுவதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. பூட்டு இல்லாத கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் சாவியை ஆணியில் மாட்டி வைத்த மாதிரி.

எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று வருஷமாக 'மெதுவா இருக்கு, மெதுவா இருக்கு' என்று நான் புலம்பினேனே, அது வியாதியே இல்லை. வியாதி இது. இதைப் பற்றிக் கடையில் அந்தப் பையனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரியே அதிலிருந்து பாஸ்வேர்டை அழித்தேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். பேங்க், யு.பி.ஐ., ஓ.டி.பி. சம்பந்தப்பட்ட எதுவும் இனி டேப்லெட்டில் இல்லை. அவை எல்லாம் அப்டேட் ஒழுங்காக வரும் என் போனில். முன் ஆக்சில்! அப்பா கேட்டால் நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்து தருவேன். படிப்பது, எழுதுவது, பாட்டுக் கேட்பது, என் பெண்ணின் கணக்கு வீடியோ, இவையெல்லாம் பின் ஆக்சில். வெடித்தால் டீ குடித்துவிட்டுப் போகலாம்.

"அப்ப இதைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கப் போறியா?" அப்பா மெதுவாகக் கேட்டார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"உனக்கு வேணும்னா வாங்குடா. எனக்கு இதுல எழுத்துப் பெருசா பழகிடுச்சு."

பேப்பரில் எழுத்துத் தெரியாமல் அவர் பேப்பர் படிப்பதையே நிறுத்தியிருந்த நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்தத் திரையில் எழுத்தை நெல்லிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தலையங்கம் முதல் ராசிபலன் வரை விடுவதில்லை. அண்டாவில் அரிசி இருக்கிறது!

மறுநாள் அவரே ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கணக்குப்பிள்ளை கணக்கு.

பழையது: 18,000 ரூபாய், ஆறு வருஷம், 2,190 நாள். நாள் ஒன்றுக்கு 8 ரூபாய் 22 காசு.

புதியது, கீபோர்டு சேர்த்துச் சுமார் 40,000. ஏழு வருஷம் வைத்திருந்தால் நாள் ஒன்றுக்கு 15 ரூபாய் 66 காசு. மூன்று வருஷத்தில் அலுத்துப்போய் மாற்றினால் 36 ரூபாய் 53 காசு.

கீழே ஒரு கோடு போட்டு எழுதியிருந்தார்: 'விலை கடைக்காரன் கையில். தினச் செலவு உன் கையில்.'

நான் படித்த பி.காமில் இந்த வரி இல்லை.

* * *

பேட்டரி மாற்ற ஒரு சர்வீஸ் கடையில் 2,400 ரூபாய் ஆயிற்று. திரையைச் சூடு காட்டிக் கழற்றினார் ஒரு தம்பி. பார்த்துக்கொண்டிருந்த பதினைந்து நிமிஷமும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பது போலிருந்தது. பழைய பேட்டரியை வெளியே எடுத்ததும், "நல்லவேளைண்ணா, லேசா உப்ப ஆரம்பிச்சிருக்கு" என்றார். பேட்டரி உப்பித் திரையைத் தூக்குகிற மாதிரி தெரிந்தால் அந்த நிமிஷமே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட வேண்டும். குத்தக்கூடாது, அழுத்தக்கூடாது. தீப்பிடிக்கும்.

பிறகு உள்ளே சுத்தம் செய்தேன். இடம் அடைத்துக்கொண்டிருந்தது பூராவும் அப்பாவுக்கு வந்த 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூக்கள். 11 ஜி.பி. ரோஜா! அனுமதி வாங்கி அழித்தேன். டேப்லெட் இப்போது இளவட்டமாகிவிடவில்லை. ரிட்டயர் ஆனபிறகு வாக்கிங் போக ஆரம்பித்தவர் மாதிரி நிதானமாக, நம்பகமாக நடக்கிறது.

உங்கள் மேஜையிலும் இப்படி ஒன்று இருக்குமானால், கடைக்குப் போவதற்கு முன் ஐந்து கேள்வி:

1. புதியதில் என்ன வரும் என்பதை விடுங்கள். பழையதில் எந்த வேலை நின்றுபோயிருக்கிறது? பெயர் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

2. நின்ற வேலை பேட்டரியால் நின்றதா, இடம் நிரம்பியதால் நின்றதா? இரண்டுக்கும் மருந்து உண்டு. செலவு ஆயிரங்களில் முடியும்.

3. செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் தேதி என்ன? நின்றுபோயிருந்தால் பணம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அதிலிருந்து இறக்குங்கள். இறக்கி வைக்க வேறு நல்ல கருவி உங்களிடம் இல்லையென்றால், இப்போது புதுசு வாங்குவது செலவல்ல, பூட்டு.

4. புதுசு வாங்குவதானால் எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று விலைக்கு முன்னால் கேளுங்கள். அத்தனை வருஷமும் வைத்திருக்க உங்களால் முடியுமா என்று வீட்டுக்கு வந்து உங்களையே கேளுங்கள்.

5. பழையதைக் கொடுப்பதானால் உங்கள் அக்கவுன்ட்டை நீக்கி, முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள். ஓடாததைச் சைக்கிள்காரரிடம் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு.

என் விஷயத்தில் தீர்ப்பு: இப்போது வேண்டாம். பகல் வேலைக்கு இது எப்போது போதாமல் போகிறதோ, அன்றைக்கு ரொக்கமாக, அதிக அப்டேட் தருவதாக ஒன்று. அதுவரை மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன். எனக்கு நானே இ.எம்.ஐ. இதில்தான் உண்மையாகவே வட்டி கிடையாது!

* * *

இரண்டு வாரம் கழித்து மாமாவிடமிருந்து போன்.

"மாப்ள, நானொரு டேப்லெட் வாங்கிட்டனுங்க. பெரிய சைஸ். லேட்டஸ்ட்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மாமா, எனக்கு ரீட்ரேடிங் பாடம் எடுத்துட்டு நீங்க புதுசு வாங்கியிருக்கீங்க?"

"உங்களுக்குப் பழசு இருந்துச்சு, ரீட்ரேடு பண்ணுனீங்க. எனக்கு டயரே இல்லீங்களே! ஏழு வண்டி எங்க நிக்குதுன்னு ஜி.பி.எஸ்.ல பார்க்கோணும், ஃபாஸ்டேக்ல எவ்வளவு போச்சுன்னு பார்க்கோணும், இ-வே பில் எப்ப முடியுதுன்னு பார்க்கோணும். இத்துனூண்டு போன்ல ஒரு எழவும் தெரியறதில்ல. போன மாசம் பில்லு தேதி முடிஞ்சது தெரியாம வண்டி செக்போஸ்ட்ல நின்னு போச்சுங்க. அந்த அபராதத்துல பாதிக்கு இந்த டேப்லெட்டே வந்திருக்கும். வேலை இருந்துது, வாங்குனேன்."

முதல் கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலை நான் கேட்டதில்லை.

"உங்க டப்பா ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க மாமா. பின் ஆக்சில்ல."

இந்தக் கட்டுரையை அந்த டப்பாவில்தான் அடித்தேன். கடைசி வரி அடிக்கும்போது பேட்டரி 61 சதவீதம். மணி ராத்திரி பத்தரை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "முடிச்சுட்டியா? முடிச்சுட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ராசிபலன் பாக்கி இருக்கிறதாம்.

நேரத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆகவே இந்த வாரம் வெண்டைக்காய் கிடையாது!